இடம்பெயர்தலும் இடமே பெயர்தலும்: ஆற்றங்கரை இடிவும் குடும்பங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

'இடம்பெயர்தல்' என்னும் தொடரை இலக்கண நெறியில் இருவகையாக விரிக்கலாம். இடத்தினின்றும் பெயர்தல் என விரித்தால் அது நீக்கப்பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமைத் தொகை. இடமானது பெயர்தல் எனக் கொண்டால் அது எழுவாய்த் தொடர். அரசாணைகளும் செய்தித்தாள்களும் மொழிபெயர்ப்புகளும் முதற்பொருளையே ஆள்கின்றன. போர், அணைக்கட்டு, நகர விரிவாக்கம் முதலிய காரணங்களால் மக்கள் பெயர்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற நிலம் அங்கேயே கிடக்கின்றது. ஆற்றங்கரை இடிந்து ஊர் மறையும்போது நிகழ்வது இரண்டாம் பொருள். அங்கு முதலில் பெயர்வது இடம். அதன் பின்னரே மக்கள் பெயர்கின்றனர். திரும்பிச் செல்லவும், சுட்டிக்காட்டவும், இழப்பீடு கோரவும் அவர்களுக்கு நிலம் எஞ்சுவதில்லை.

இவ்வேறுபாட்டை வருவாய்ப் பதிவேடுகளும் சட்டங்களும் எவ்வாறு கையாண்டன, குடும்பங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன, அவ்வனுபவத்தைத் தமிழில் பெயர்ப்போர் எச்சொற்களைத் தெரிவுசெய்தல் தகும் என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தில்லியின் யமுனைக் கரையில் தொடங்கி, கங்கைக் கரை வழியாகக் கொள்ளிடப் படுகைவரை இவ்வாய்வு செல்கின்றது.

2. தில்லியின் காதரும் பாங்கரும்

தில்லி மாவட்டத்தின் நிலங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வருவாய் அலுவலர்கள் நான்கு வகைப்படுத்தினர். ஆற்றையொட்டிய புதுவண்டல் நிலம் 'காதர்'. வெள்ளம் எட்டாத பழைய மேட்டுவண்டல் 'பாங்கர்'. நீர் தேங்கும் தாழ்நிலம் 'டாபர்'. குன்றையொட்டிய நிலம் 'கோஹி'. இவற்றுள் காதர் என்பது நிலையான நிலப்பெயரன்று. ஆற்றோடு நிலம் கொண்ட உறவின் பெயர். இன்று காதராக இருப்பது நாளை ஆற்றின் நடுப்பகுதியாகலாம். ஆற்றின் நடுப்பகுதி அடுத்த தலைமுறையில் வெள்ளரித் தோட்டமாகலாம். 1639 முதல் 1648 வரை கட்டப்பெற்ற செங்கோட்டையின் கீழ்மதிலைத் தழுவி ஓடிய யமுனை பின்னர்க் கிழக்கே விலகிவிட்டது; அது ஓடிய இடத்தில் இன்று சுற்றுச்சாலை செல்கின்றது.

1858 முதல் யமுனையின் மேற்கரை பஞ்சாபு நிர்வாகத்தின்கீழும், கிழக்கரை மீரட் மாவட்டத்தின் பகுதியாக வடமேற்கு மாகாணங்களின்கீழும் இருந்தன. 1912இல் தில்லி தனி மாகாணமாயிற்று. 1915இல் கிழக்கரையின் 65 ஊர்கள் மீரட்டிலிருந்து பிரித்து அதனுடன் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரே ஆற்றின் இரு கரைகளும் இருவேறு மாகாணங்களின் பதிவேடுகளில் அடங்கியிருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. ஆறு கிழக்கே நகர்ந்தால் ஒரு மாகாணத்தின் உழவன் இழப்பான். மற்றொரு மாகாணத்தின் ஊர் பெறும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு குறிப்பு: இச்சொல்லைத் தமிழில் 'காதர்' என எழுத்துப்பெயர்த்தால், தமிழ் முசுலிம்களிடையே வழங்கும் அரபு வழிப்பட்ட ஆட்பெயரோடு அது மயங்கும். முதலிடத்தில் 'காதர் என்னும் புதுவண்டல் நிலம்' என விளக்கி, பின்னர்ப் 'படுகை' என்றே ஆளுதல் பொருந்தும்.

3. பதிவேட்டுச் சொற்கள்

நிலம் ஆற்றுக்குள் போதலையும் ஆற்றிலிருந்து வெளிப்படுதலையும் குறிக்க வட இந்திய வருவாய்த் துறை பாரசீகச் சொற்களைக் கையாண்டது. வங்காளத்தில் 'சிகஸ்தி', 'பயஸ்தி' என்பன வழங்கின. முன்னது உடைதலையும் பின்னது ஒட்டுதலையும் குறிக்கும் பாரசீக வேர்களினின்றும் பிறந்தவை. பஞ்சாபில் 'புர்த்', 'பராமத்' என்பன வழக்கு. முன்னது கொண்டுபோகப்பட்டது, பின்னது வெளிப்போந்தது எனப் பொருள்படும். இவற்றுள் உடைதலும் ஒட்டுதலும் நிலத்தின் செயல்கள். கொண்டுபோதல் ஆற்றின் செயல். ஒரே நிகழ்வை இரு மாகாணங்களின் எழுத்தர்கள் இருவேறு வினைமுதல்களால் பதிந்தனர் எனலாம்.

இரு கரையூர்களுக்கும் எல்லை எது என்பது அடுத்த வினா. பஞ்சாபில் பரவலாக நிலவிய மரபு, ஆற்றின் ஆழமான நீரோட்டமே எல்லை என்பது. ஓட்டம் எப்பக்கம் நகர்ந்தாலும் எல்லையும் உடன் நகரும். இதற்கு 'ஹத் சிக்கந்தரி' என்று பெயர். மாமன்னன் அலெக்சாந்தரின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட எல்லை என்பது இதன் பொருள். 'கிஷ்தி பன்னா' என்பது இதன் மற்றொரு பெயர். ஆறு ஓரிரவில் ஓட்டத்தை மாற்றினால், ஒரு குடும்பத்தின் முழு வயலும் சேதமின்றியே எதிர்க்கரை ஊரின் உடைமையாகிவிடும் என்பது இம்மரபின் கடுமை. 1899ஆம் ஆண்டின் பஞ்சாபு ஆற்றோர எல்லைகள் சட்டம், நகரும் எல்லைக்கு மாற்றாக நிலையான கோட்டை வரையறுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது.

இச்சொற்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இருவகையில் இடறச்செய்யும். தமிழக வருவாய்த் துறை 'கிஸ்தி' என்னும் சொல்லை நன்கறியும். அது தவணை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. 'கிஷ்தி பன்னா'வில் உள்ள 'கிஷ்தி' படகைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஆகவே அத்தொடர் வரித்தவணை பற்றியதன்று. படகு செல்லும் ஆழமே எல்லை என்பது பற்றியது. அவ்வாறே 'பராமத்' என்பதனை நாம் அறிந்த 'மராமத்து' எனக் கொள்ளலாகாது. மராமத்து பழுதுபார்த்தல், பராமத் ஆற்றிலிருந்து நிலம் வெளிப்படுதல். ஒலியொப்புமையை நம்பிப் பெயர்த்தால், ஆறு திருப்பித் தந்த வயல் செப்பனிட்ட வயலாகிவிடும்.

4. படிப்படியாகவா, திடீரெனவா?

வங்காள மாகாணத்தில் இப்பொருள் குறித்த முதன்மையான சட்டம் 1825ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குமுறை. உள்ளூர் வழக்கம் தெளிவாக நிறுவப்பட்டிருப்பின் அதற்கே முதலிடம் என அது கூறியது. வழக்கம் இல்லாவிடத்து ஒரு வேறுபாட்டை அது வகுத்தது. படிப்படியாக ஒட்டிச் சேரும் நிலம் எந்நிலத்தோடு ஒட்டுகிறதோ அந்நிலத்தாருக்கு உரியது. ஆறு திடீரெனப் போக்கை மாற்றி ஒருவரது நிலத்தை வெட்டிப் பிரித்து, அந்நிலம் இன்னதென அடையாளம் காணத்தக்கதாக இருப்பின் அது பழைய உடைமையாளருக்கே உரியது. பெரிய ஆற்றில் கடந்து நடக்கவியலா ஆழத்திற்கு நடுவே எழும் தீவு அரசுக்கு உரியது. 1847ஆம் ஆண்டின் ஒன்பதாம் சட்டம், ஆறு சேர்த்த நிலத்துக்கு வரி விதிக்கவும் ஆறு கொண்ட நிலத்துக்கு வரி தள்ளவும் புதிய அளவைகளுக்கு வழிசெய்தது.

மூழ்கிய நிலம் பல ஆண்டுகளுக்குப்பின் அதே இடத்தில் மீண்டும் எழுந்தால் அது யாருடையது என்னும் வினாவுக்கு 1870இல் லோபசு வழக்கில் பிரிவி கவுன்சில் விடைகூறியது. நீருக்கடியில் கிடந்த காலத்தும் அவ்விடம் பழைய உடைமையாளருடையதே. மீண்டும் எழுந்து அடையாளம் காணப்படின் அவருக்கே உரியது என்பது அதன் சாரம். இடம் பெயர்ந்தாலும் உரிமை பெயராது என்னும் இக்கொள்கை, கரையோரக் குடும்பங்களின் காத்திருப்புக்குச் சட்டம் அளித்த அடிப்படையாகும். கிழக்கு வங்காளத்தில் 1950ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் இக்காத்திருப்புக்கு 20 ஆண்டு வரம்பு விதித்தது. விடுதலைக்குப்பின் 1972இல் வங்காளதேசம் அவ்வுரிமையை நீக்கி, எழும் நிலமெல்லாம் அரசுடைமை என்றது. 1994இல் 30 ஆண்டு வரம்புடன் அதனை மீண்டும் வழங்கியது.

இங்கு ஒரு சொல்லின் தெரிவு ஒரு குடும்பத்தின் உரிமையையே மாற்றவல்லது. தமிழில் 'அரிப்பு' என்பது சிறிது சிறிதாகக் கரைவதைக் காட்டும். 'உடைப்பு' ஒரே பொழுதில் நிகழ்வது. 'இடிவு' பெருந்துண்டாகச் சரிவது. வங்காளியின் 'பாங்கன்' உடைதல் என்னும் வினையின் வழிவந்தது. இந்தியின் 'கடாவ்' வெட்டுதலினின்றும் வந்தது. இவையனைத்தையும் 'மண்ணரிப்பு' என ஒரே சொல்லால் பெயர்ப்பது பெருவழக்காகிவிட்டது. மலைச்சரிவில் மேல்மண் மழையால் கழுவப்படுவதற்கும் இதே சொல் வழங்குவதால், ஊரையே ஆறு கொள்ளும் நிகழ்வின் கடுமை அச்சொல்லில் மறைகின்றது.

5. பரக்காவுக்கு மேலும் கீழும்

இந்நிகழ்வின் முழு விரிவையும் காண மேற்கு வங்காளத்தின் மால்தா, முர்சிதாபாத் மாவட்டங்களை நோக்குதல் வேண்டும். இங்குக் கங்கைக் கரை பெரும்பாலும் மேலே மெல்லிய களிமண் படிவும் கீழே தளர்ந்த மணலுமாக அமைந்தது. வெள்ளம் உயர்ந்து நிற்கும்போது கரை நீரை உறிஞ்சுகின்றது. வெள்ளம் வடியும்போது அந்நீர் மணலையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குத் திரும்ப, கீழே குடைவு ஏற்பட்டு மேற்படிவு வீட்டோடும் மரத்தோடும் சரிகின்றது. அதனால் மழை ஓய்ந்து வெள்ளம் தணியும் நாள்களே அப்பகுதி மக்களுக்கு அச்சம் மிகுந்தவை.

கொல்கத்தாத் துறைமுகத்துக்கு நீரூட்டும் பொருட்டுக் கங்கையின் குறுக்கே சுமார் 2.2 கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட பரக்கா அணை 1975இல் செயற்படத் தொடங்கியது. அணைக்கு மேற்பகுதியில் வண்டல் தேங்கிப் படுகை உயர, ஆறு இடக்கரையை நோக்கி வளைந்து மால்தாவின் மாணிக்சக், காலியாசக் பகுதிகளைத் தாக்கியது. கீழ்ப்பகுதியில் வலக்கரையில் முர்சிதாபாத்தின் துலியான் முதல் சலங்கிவரை இடிவு தொடர்ந்தது. ஆறு இயல்பாகவே அலைவது எனினும் அணை அதன் வேகத்தையும் திசையையும் மாற்றியது என்பதனை ஆற்றியலாளர் கல்யாண் ருத்ரா முதலியோர் விரிவாக எடுத்துரைத்துள்ளனர். 1980இல் பிரீதம் சிங் குழுவும் 1996இல் கேசுகர் குழுவும் இச்சிக்கலை ஆராய்ந்தன. வாணிகத் துறையாக விளங்கிய பஞ்சானந்தபூர் அழிந்தது. கே. பி. சௌபனா என்னும் ஊராட்சி நிர்வாக வரைபடத்திலிருந்தே மறைந்தது.

இடக்கரையில் இழந்த நிலம் எதிர்ப்புறத்தில் 'சர்' எனப்படும் ஆற்றுத்திட்டாக எழுந்தது. குடும்பங்கள் பலவும் தம் பழைய நிலமே அது எனக் கருதி அங்கே சென்று குடியேறின. 2000இல் சார்க்கண்டு மாநிலம் உருவானபின், அத்திட்டுகள் எம்மாநிலத்தைச் சேர்ந்தவை என்னும் வினா எழுந்தது. பள்ளி, நியாயவிலைக் கடை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றை எம்மாநிலம் தருவது என்பது தெளிவின்றி, மால்தாக் குடும்பங்கள் மால்தாவின் பழைய மண்ணிலேயே அயலாராயின. அலெக்சாந்தரின் பெயரால் வழங்கிய நகரும் எல்லை, மாநில எல்லையாக மீண்டும் தோன்றியது போலும்.

6. குடும்பங்கள் கையாண்ட வழிகள்

இடிகரைக் குடும்பங்களின் இடப்பெயர்வு ஒரே பயணமன்று. அது பல சிறு பெயர்வுகளின் தொடர். முதலில் வீட்டைப் பிரித்துச் சில நூறு அடி உள்ளே அமைக்கின்றனர். பின்னர் உறவினர் நிலத்தின் ஓரம், அதன்பின் வெள்ளத்தடுப்புக் கரையின் மேல், பின்னர்த் திட்டு, இறுதியில் நகரம். வீட்டின் அமைப்பும் இதற்கேற்பவே அமைகின்றது. சணற்குச்சிச் சுவர், மூங்கிற்சட்டம், தகரக் கூரை ஆகியன வறுமையின் அடையாளங்கள் மட்டுமல்ல. ஒரே நாளில் பிரித்துச் சுமந்து செல்லத்தக்கவை. செங்கற்சுவர் எழுப்பியவர் அதனைத் தாமே இடித்துச் செங்கல்லை மீட்கின்றனர். ஆறு இடிக்குமுன் தன் வீட்டைத் தானே இடிப்பதே அங்கு மிகக் கடினமான முடிவாகும். முன்னரே இடித்தால் வீணாக இழந்தோராவர். தாமதித்தால் செங்கல்லும் இல்லை.

பயிர்த்தொழிலும் மாறுகின்றது. புதிய திட்டில் முதலில் கோரையும் நாணலும் வளர்கின்றன. அவை வண்டலைப் பிடித்து நிறுத்தியபின் உழாமலே உளுந்து தூவுகின்றனர். பின்னர் நிலக்கடலை, தர்ப்பூசணி. யமுனைக் காதரிலும் மணற்பகுதியில் வெள்ளரி, முலாம்பழம் ஆகியன மரபாக விளைந்தன. ஆற்றோரச் சவுக்கினப் புதரான 'சாவ்' கூடைமுடையவும் நாணல் குடிசை வேயவும் பயன்பட்டன. முர்சிதாபாத்தின் சங்கிப்பூர்ப் பகுதியில், நிலம் இழந்த குடும்பங்களுக்குப் பெண்கள் சுற்றும் பீடியே அன்றாட வருவாயாயிற்று. ஆடவர் கட்டட வேலைக்காகத் தில்லி, மும்பை, கேரளம் எனப் புறப்பட்டனர்.

இவையனைத்தினும் முதன்மையாகப் போற்றப்படுவது ஆவணம். நிலம் போனபின்னும் பட்டாவையும் வரிச்சீட்டையும் குடும்பங்கள் காத்து வருகின்றன. வெளியார்க்கு இது பொருளற்ற பற்றாகத் தோன்றலாம். அடையாளம் காணத்தக்க நிலத்துக்கே உரிமை எனச் சட்டம் கூறியிருக்க, அவ்வடையாளத்தின் ஒரே சான்று அத்தாளே என்பதனை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

அசாமில் இது மேலும் கூர்மையுற்றது. 1950 ஆகத்து 15இல் நேர்ந்த பெருநிலநடுக்கத்தால் பிரமபுத்திரையின் படுகை உயர்ந்தது. அதுமுதல் அம்மாநிலம் 4 இலட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை ஆற்றுக்கு இழந்துள்ளதாக அதன் நீர்வளத் துறை கணக்கிட்டுள்ளது. 2019 ஆகத்து 31இல் வெளியான குடிமக்கள் தேசியப் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறவில்லை. 1971 மார்ச்சுக்கு முற்பட்ட ஆவணத்தில் உள்ள முன்னோர்க்கும் தமக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொருவரும் நிறுவவேண்டியிருந்தது. முன்னோரின் ஊர் ஆற்றுக்குள் போய், குடும்பம் பலமுறை பெயர்ந்து, ஊர்ப்பெயரும் மாறிய நிலையில் அத்தொடர்பை நிறுவுதல் எத்துணை அரிது என்பது வெளிப்படை.

7. மீண்டும் யமுனைக் கரை

ஊரை ஆறு கொண்டபின் நகருக்கு வந்தோர் மலிவான இடம் தேடினர். தில்லியில் அத்தகைய இடம் யமுனையின் தடுப்புக்கரையான புசுதாவும் அதனையடுத்த படுகையுமே. வங்காளம், பீகார், உத்தரப்பிரதேசம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் அங்கு நிறைந்திருந்தனர். 2004இல் யமுனை புசுதாவின் குடியிருப்புகள் பெருமளவில் அகற்றப்பட்டன. தகுதியுடையோர்க்கு நகரின் விளிம்பில் பவானா போன்ற இடங்களில் மனை தரப்பட்டது. தகுதியை உறுதிசெய்தது தேதி. 1990 சனவரிக்கு முன் வந்தோர்க்கு 18 சதுரமீட்டர். அதன்பின் 1998 இறுதிவரை வந்தோர்க்கு 12.5 சதுரமீட்டர்; பின்வந்தோர்க்கு ஒன்றுமில்லை. இங்கும் குடும்ப அட்டை என்னும் தாளே நிலத்தைத் தந்தது.

எஞ்சிய படுகையில் குத்தகை உழவர் பலர் உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர். 2015 சனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆற்றுநீர் மாசுபட்டிருப்பதைக் காரணங்காட்டி அவ்வெள்ளச் சமவெளியில் உண்பொருள் பயிரிடுவதைத் தடைசெய்தது. 2023 சூலை 13இல் பழைய இரும்புப் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978 செப்டம்பரின் 207.49 மீட்டரே அதுவரை பதிவான உச்சம். படுகைக் குடும்பங்கள் மயூர் விகார் பகுதிச் சாலையோரத்தில் கால்நடைகளோடு தார்ப்பாய்க்கீழ் நாள்களைக் கழித்தன. நகரம் அதனை வெள்ளம் என்றது. ஏற்கெனவே ஓர் ஆற்றால் பெயர்ந்தோர்க்கு அது மற்றொரு பெயர்வு.

8. கொள்ளிடப் படுகையும் தமிழ்ச் சொற்களும்

இந்நிலவகைக்குத் தமிழில் சொல் இல்லை எனக் கருதுவது பொருந்தாது. படு என்னும் வினையடியாகப் பிறந்த 'படுகை', வண்டல் படிந்த கரையோர நிலத்தைக் குறித்துச் சென்னை மாகாண வருவாய் நிலையாணைகளிலும் இடம்பெற்றது. கோதாவரித் தீவுநிலங்களுக்கு அவ்வாணைகள் தெலுங்கின் 'லங்க' என்னும் சொல்லை ஆண்டன. பழந்தமிழில் ஆற்றிடைத் தீவுக்குத் 'துருத்தி', 'அரங்கம்' என்பன வழங்கின. திருவரங்கம் என்னும் பெயர் அதற்குச் சான்று. எக்கல், வண்டல், திட்டு, ஆற்றிடைக்குறை ஆகியன இன்றும் வழக்கில் உள்ளன.

மயிலாடுதுறை மாவட்டக் கொள்ளிடக்கரை ஊர்களான நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஆகியவற்றின் பெயர்களே அந்நிலத்தின் இயல்பை உரைப்பன. 2022 ஆகத்தில் காவிரியில் பெருநீர் வந்தபோது இவ்வூர்களை வெள்ளம் சூழ, மக்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தின் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகையை அரசுடைமை என வரையறுத்தது. வங்காளத்தில் காத்திருப்புக்கு இருந்த சட்ட இடம் இங்கு அத்துணை விரிவாக இல்லை.

தமிழில் 'கரை' என்பது நிலத்தின் பெயராகவும் கரைதல் வினையின் பகுதியாகவும் நிற்பது எண்ணத்தக்கது. கரையேறுதல், கரைசேர்தல் என்னும் வழக்குகள் துயர் நீங்குதலை உணர்த்துவன. கரையே கரையும் மக்களின் கூற்றை மொழிபெயர்க்கும்போது இவ்வழக்குகளைத் தவிர்ப்பது நன்று.

9. பட்டியலில் இல்லாத பேரிடர்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழிவந்த துயர்தணிப்பு நிதி விதிகள் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு முதலியவற்றைப் பெயர்சுட்டிப் பட்டியலிட்டன. ஆற்றங்கரை இடிவு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 'ஆறு போக்கு மாறியதால்' பெரும்பகுதி நிலம் இழந்த சிறு உழவர்க்கு உதவி உண்டு. அதுவும் வருவாய்ப் பதிவேட்டின்படி உடைமை உடையோர்க்கே. ஆகவே ஒரு மனுவில் 'வெள்ளத்தில் நிலம் போயிற்று' என எழுதுவதும், 'ஆறு போக்கு மாறியது' என எழுதுவதும், 'கரை அரித்தது' என எழுதுவதும் ஒன்றாகா. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு அரிப்புத் தடுப்புக்கு 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. இம்மக்களைத் தனி வகையினராகச் சுட்டியமையால் அப்பரிந்துரை சிறப்புடையது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, ஆற்றங்கரைக் குடும்பங்களின் இடப்பெயர்வு தொடர்நிகழ்வு. பிரித்தெடுக்கத்தக்க வீடு, திட்டுப் பயிர், பெண்களின் கைத்தொழில், ஆடவரின் நகர்ப்பணி, காத்துவைத்த தாள் ஆகியன அதனைத் தாங்கும் வழிகள். இரண்டாவது, இவ்வழிகளின் பயன் அவரவர் மாகாணத்தின் சட்டத்தாலும் பதிவேட்டுச் சொல்லாலும் அறுதியிடப்பட்டது. மூன்றாவது, தமிழில் பெயர்ப்போர் அரிப்பு, இடிவு, உடைப்பு, போக்குமாற்றம் ஆகிய நான்கனையும் வேறுபடுத்தி ஆளுதல் இன்றியமையாதது. 'கரையிடிவு' என்பதனைப் பொதுச்சொல்லாகவும், 'நிலம் பெயர்ந்தோர்' என்பதனை இம்மக்களுக்குரிய பெயராகவும் கொள்ளலாம் என இக்கட்டுரை பரிந்துரைக்கின்றது.

போரால் பெயர்ந்தோரை 'இடம்பெயர்ந்தோர்' என்றும் கடல்கடந்து வாழ்வோரைப் 'புலம்பெயர்ந்தோர்' என்றும் ஈழத்து வழக்கு வேறுபடுத்திக் காட்டியது. அப்பெயர்களால் அம்மக்களின் நிலை உலகுக்குத் தெளிவாயிற்று. தம் காலடி நிலமே பெயர்ந்துபோனவர்களுக்கு அத்தகைய பெயர் ஒன்று இன்னும் நிலைபெறவில்லை. பெயர் இல்லாதவரை அவர்கள் பட்டியலிலும் இல்லை. மொழிபெயர்ப்பாளரின் பணி இங்குச் சொல்லாக்கத்தோடு முடிவதன்று. ஒரு மனு எந்த அலமாரியில் சேர்க்கப்படும் என்பதும் அவர் தெரிந்தெடுக்கும் சொல்லைப் பொறுத்தது.